விந்து சோதிக்காமல் கெளுத்திக் குஞ்சு விற்காதே!



நெல் விதை வாங்கப் போகிறோம். மூட்டையில் நீலச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மடியில் இருந்து காசை எடுக்கிறோம். அந்தச் சீட்டுக்கு ஒரு அர்த்தம் உண்டு. நூறு விதை போட்டால் குறைந்தது 80 முளைக்க வேண்டும் என்பது சான்று பெற்ற நெல் விதைக்கு அரசு வைத்திருக்கும் அளவு. முளைக்காவிட்டால் கேட்பதற்கு 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு காகிதமாவது நம் கையில் இருக்கிறது.

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறோம். நைட்ரஜன் கேனில் இருந்து டாக்டர் எடுக்கிற சின்னக் குழாயில் காளையின் எண், தேதி, எந்த நிலையத்தில் எடுத்தது என்பதெல்லாம் அச்சடித்திருக்கும். ஒரு குழாயில் 2 கோடி விந்தணு இருக்க வேண்டும், உறைந்ததை இளக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 50-க்குக் குறையாமல் முன்னோக்கி ஓட வேண்டும் என்று மத்திய அரசு அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு வராத விந்து நிலையத்தின் வாசலைத் தாண்டக் கூடாது.

சரி, கெளுத்திக் குஞ்சு வாங்கும்போது நம் கையில் என்ன இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் ஆக்சிஜன். வெள்ளைத் தாளில் கிறுக்கின ஒரு தொகை. அவ்வளவுதான்! எந்தத் தாய்மீனுடைய குஞ்சு, எந்த ஆண் மீனுடைய குஞ்சு, அந்த ஆணின் விந்து நல்லதா கெட்டதா, நூறு முட்டையில் எத்தனை கருவானது? எதுவும் கிடையாது. விதைச் சட்டத்தில் மீன் குஞ்சுக்கு இடமே இல்லை.

குஞ்சு செத்துப்போனால் என்ன சொல்கிறார்கள்? "உன் குட்டைத் தண்ணி சரியில்லைய்யா!" கேட்ட நேரத்தில் குஞ்சு வரவில்லை என்றால் என்ன சொல்கிறார்கள்? "இந்த வருசம் மழை சரியில்லைய்யா!" மழையும் தண்ணியும் வாய் திறந்து பதில் சொல்லாது அல்லவா? அதனால்தான் எல்லாப் பழியும் அவற்றின்மேல். எல்லா நட்டமும் நம் தலைமேல்.

இந்த நிலைமையை மாற்ற ஒரு சின்ன வேலை போதும். பொரிப்பகத்தில் முட்டையோடு விந்தைக் கலப்பதற்கு முன்னால் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பார்த்ததை நோட்டில் எழுதுவது. எழுதியதைக் குஞ்சு வாங்குகிறவருக்குக் காட்டுவது. இதற்காகத்தான் இந்தத் தலையங்கம். "மீன் விந்தைப் பற்றியெல்லாம் சங்கம் பேசணுமா?" என்று சிலர் சிரிக்கலாம். நம் காசு எங்கே தொலைகிறதோ அங்கே போய்த் தேடுவதுதான் சங்கத்தின் வேலை.

ஆண் மீன் ஏன் சாகிறது?

நாட்டுக் கெளுத்தி நம்மைப் போன்ற சின்ன விவசாயிக்கு ஏற்ற மீன். காற்றை நேரடியாகக் குடித்து வாழக்கூடியது. தண்ணி குறைந்து சேறாகிப் போன குட்டையிலும் தாக்குப்பிடிக்கும். சந்தைக்கு உயிரோடு கொண்டுபோகலாம். வடக்கே இதை மாகூர் என்பார்கள். பீகார் மாநிலம் இதையே தன் மாநில மீனாக வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட மீன், உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் இன்றைக்கு இருக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் பிடித்து வளர்த்த காலம் போய்விட்டது. இனிமேல் பொரிப்பகத்தில் குஞ்சு எடுத்தால்தான் உண்டு.

கட்லா, ரோகு ஆண் மீனை இனப்பெருக்கக் காலத்தில் பிடித்து வயிற்றை லேசாகத் தடவினாலே பால் மாதிரி விந்து வரும். பங்காசியஸ் ஆணுக்கும் பிழிந்து எடுக்கலாம். எடுத்த பிறகு மீனைத் தண்ணியில் விட்டுவிடலாம். நாட்டுக் கெளுத்தி ஆணிடம் இந்த வேலை நடக்காது. எவ்வளவு அமுக்கினாலும் பயன்படுகிற அளவுக்கு விந்து வராது. அதனால் ஆணை அறுத்து, வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு விந்துப்பைகளையும் வெளியே எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிக் கசக்கித்தான் விந்து எடுக்கிறார்கள். அதாவது, ஒவ்வொரு ஈடு குஞ்சுக்கும் ஆண் மீன்கள் உயிரைக் கொடுக்கின்றன.

அறுத்த பிறகு அந்த விந்து உதவாது என்று தெரிந்தால்? மீன் போனது போனதுதான். ஒரு வருடம், இரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்த ஆண் வீண். பார்க்காமலே கலந்துவிட்டால்? ஆணும் வீண், பெண்ணின் முட்டையும் வீண். இந்த மீனின் இயல்பான இனப்பெருக்கக் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள மழை மாதங்கள். ஆடியும் ஆவணியும் தாண்டிவிட்டால் அந்த வருடக் குஞ்சு போய்விட்டது. குட்டையைத் தூர்வாரி, சுண்ணாம்பு போட்டு, சாணி கரைத்துக் காத்திருந்த நாம் வெறும் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்!

விந்து ஒரு தீக்குச்சி மாதிரி

இது ஒன்றும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நம் எல்லோருக்கும் புரிகிற விசயம்தான்.

மீன் விந்தணு உடம்புக்குள் இருக்கும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து உப்புக்கரைசலில் வைத்தாலும் தூங்கும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிற சலைனும் இதே அளவுதான். ஐஸ் மேல் வைத்தால் சில மணி நேரம் கெடாமல் இருக்கும். ஆனால் நல்ல தண்ணி பட்டவுடன் விந்தணு விழித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு நேரம் ஓடும்? ஒரு நிமிடம்கூடத் தாங்காது! அதற்குள் முட்டையில் இருக்கும் நுண்ணிய துளையைக் கண்டுபிடித்து உள்ளே போக வேண்டும். முட்டையும் அப்படித்தான். தண்ணி பட்ட ஓரிரு நிமிடத்தில் அந்தத் துளை அடைபட்டுப் போகும்.

தீக்குச்சியை ஒருமுறைதான் உரசலாம். ஈரமான கத்தி, ஈரமான கிண்ணம், ஆண் மீனின் மூத்திரம் இதில் ஏதாவது ஒன்று விந்தில் பட்டாலும் குச்சி முன்கூட்டியே எரிந்து முடிந்துவிடும். பிறகு முட்டையில் ஊற்றுவது வெறும் வெள்ளைத் தண்ணி.

"நாங்க இருபது வருசமா இதே தொழில்தான், கண்ணால பார்த்தே சொல்லிடுவோம்" என்கிறார்கள் பொரிப்பகக்காரர்கள். அனுபவத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. முற்றிய விந்துப்பை பருத்து வெளுப்பாக இருக்கும், முற்றாதது மெலிந்து கண்ணாடி மாதிரி இருக்கும், ரத்தம் கலந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் கண்ணால் சொல்லலாம். ஆனால் உயிருள்ள விந்தும் வெள்ளைதான், செத்த விந்தும் வெள்ளைதான். ஓடுமா ஓடாதா என்பதைக் கண்ணால் சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது.

சோதனை எப்படி?

பள்ளிக்கூட லேபில் இருக்கிற சாதாரண மைக்ராஸ்கோப், 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது இருந்தால் போதும். செய்ய வேண்டியது இதுதான்:

ஒன்று. உப்புக்கரைசலில் இருக்கும் விந்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். இப்போதே ஓடிக்கொண்டிருந்தால் எங்கேயோ தண்ணியோ மூத்திரமோ கலந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு. அந்தத் துளியோடு ஒரு சொட்டு சுத்தமான நல்ல தண்ணீரைச் சேர்த்து, அடுத்த நொடியே பார்க்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை ஓடுகிறது? ஒரே இடத்தில் நின்று துடிப்பது கணக்கில் வராது. முன்னோக்கி ஓடுவதுதான் கணக்கு. ஒரு துளியை மட்டும் நம்பாமல் மூன்று துளி பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

மூன்று. கடிகாரத்தை வைத்து, ஓட்டம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று எழுத வேண்டும். நிறைய ஓடியும் சில நொடியிலேயே அடங்கிவிட்டால் அந்த விந்தும் பலவீனம்தான்.

நான்கு. எண்ணிக்கை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்த அணுக்களை எண்ணுவதற்குக் கட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தகடு வைத்திருப்பார்கள். அதே தகட்டில் விந்தணுவையும் எண்ணலாம். நீர்த்துப்போன விந்தை இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து. வசதி இருக்கிற இடத்தில் சாயச் சோதனை. இயோசின், நைக்ரோசின் என்ற இரண்டு சாயம் சேர்த்தால் செத்த விந்தணு சாயத்தை உறிஞ்சிச் சிவந்துபோகும். உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும்.

முதல் மூன்றும் சில நிமிட வேலை. ஒவ்வொரு ஆணுக்கும் கட்டாயம் செய்ய வேண்டியவை. நான்காவதும் ஐந்தாவதும் கொஞ்சம் பயிற்சி வேண்டியவை. ஆராய்ச்சி நிலையங்களில் இவையெல்லாம் சாதாரண வேலை. புவனேஸ்வரத்தில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 1977-இலேயே தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தொடங்கிவிட்டார்கள். 2012-இல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. அந்த அறிவு கிராமத்துப் பொரிப்பகத்துக்கு நடந்து வருவதற்குத்தான் பாதை இல்லை!

முதலில் ஆண், பிறகு பெண்

இதில் ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது. பெண் மீனுக்கு மாலையில் ஹார்மோன் ஊசி போடுவார்கள். தண்ணீரின் சூடு 28 டிகிரி அளவில் இருந்தால், ஏறக்குறைய 14 முதல் 18 மணி நேரம் கழித்து, அதாவது மறுநாள் காலையில் பெண் மீன் பிழிவதற்குத் தயாராகும். பிழிந்த முட்டை காத்திருக்காது. ஆகவே பெண்ணைத் தொடுவதற்கு முன்பே ஆணை அறுத்து, விந்தைப் பார்த்துவிட வேண்டும். நன்றாக இருந்தால் பெண்ணைப் பிழியலாம். மோசமாக இருந்தால் அடுத்த ஆணைப் பார்க்க நேரம் இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு ஆணாக அறுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தால், போதுமான நல்ல விந்து கிடைத்தவுடன் நிறுத்திவிடலாம். மிச்ச ஆண்கள் உயிரோடு குளத்துக்குத் திரும்பும். பார்க்காமல் வேலை செய்கிறவர் என்ன செய்கிறார்? "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஐந்தாறு ஆணை ஒன்றாக அறுத்து, ஒரே கிண்ணத்தில் கலக்குகிறார். அதில் ஒன்றிரண்டு ஆணின் விந்து மட்டும் ஓடினால், பிறக்கிற குஞ்செல்லாம் அந்த ஒன்றிரண்டு ஆணின் பிள்ளைகள். அதையே மறு வருடம் தாய்மீனாக வைத்தால் அண்ணன் தங்கைக்குள் கலப்பு. இனம் தேய்ந்துபோகும். அழியும் ஆபத்தில் இருக்கிற மீனை நாமே அழிக்கிற வேலை இது.

நட்டம் யாருக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஈட்டில் 10,000 முட்டை பிழிந்ததாக வைத்துக்கொள்வோம். நல்ல விந்து, நூற்றுக்கு 80 கருவானால் 8,000 கரு. கெட்ட விந்து, நூற்றுக்கு 30-தான் கருவானது என்றால் 3,000. மிச்சம் 7,000 முட்டை வெளுத்துச் சாகும். செத்த முட்டை சும்மா கிடக்காது. பஞ்சு மாதிரி பூஞ்சாணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சாணம் பக்கத்தில் இருக்கிற நல்ல முட்டைக்கும் பரவும். ஆக அந்த 3,000-மும் முழுசாக வராது.

இப்போது பொரிப்பகக்காரர் என்ன செய்வார்? நமக்கெல்லாம் குஞ்சு தருவதாக முன்பணம் வாங்கியிருக்கிறார். நியாயமானவராக இருந்தால் கையை விரிப்பார். நியாயம் இல்லாதவராக இருந்தால், வேறு எங்கிருந்தோ குஞ்சைக் கொண்டுவந்து பையை நிரப்புவார். அந்தக் குஞ்சு ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால்? அல்லது ஆப்பிரிக்க ஆணின் விந்தை நாட்டுப் பெண்ணின் முட்டையில் கலந்த கலப்பாக இருந்தால்? கிண்ணத்தில் கலந்த பிறகு எது யாருடைய விந்து என்று யாரால் சொல்ல முடியும்?

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அந்தத் தடையை நிறைவேற்றச் சொன்னது. தடை சரியானதுதான். கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்குகிற அந்த மீன் வெள்ளத்தில் ஏரிக்குத் தப்பினால் நாட்டு மீன் எதுவும் மிஞ்சாது. ஆனால், நாட்டுக் கெளுத்தி என்று நம்பி வாங்கின விவசாயியின் குட்டையில் அதிகாரிகள் வந்து பார்த்து, "இது தடை செய்த மீன்" என்று சொல்லி அழித்தால், நட்டம் யாருக்கு? குஞ்சு விற்றவருக்கா? அவர்தான் எந்தக் காகிதமும் கொடுக்கவில்லையே! அப்பாவி விவசாயி குற்றவாளி ஆகிறான், விற்றவர் அடுத்த ஊரில் கடை போடுகிறார்.

பதிவேடு இருந்தால் இது நடக்குமா? எந்த ஆண், எந்தக் குளத்தில் வளர்ந்தது, எந்தத் தேதியில் அறுத்தது, விந்து நூற்றுக்கு எவ்வளவு ஓடியது, எத்தனை பெண்ணின் முட்டையில் கலந்தது, எத்தனை முட்டை கருவானது என்று நோட்டில் இருந்தால், 3,000 கரு வந்த ஈட்டில் 8,000 குஞ்சு எப்படி விற்றாய் என்று கேட்கலாம் அல்லவா? கணக்கு எழுதச் சொன்னால் கள்ளம் தானாக வெளியே வரும்.

பதிவேடு யாருக்கும் எதிரி இல்லை

நாம் ஒருதலையாகப் பேசவில்லை. குஞ்சு குறைவதற்கு எல்லா நேரமும் ஆண் மீன் மட்டுமே காரணம் இல்லை. பெண்ணைக் காலம் தாழ்த்திப் பிழிந்தால் முட்டை முற்றிக் கெட்டுப்போகும். தொட்டித் தண்ணி கெட்டிருக்கலாம். நம் குட்டையே மோசமாக இருக்கலாம். எது காரணம் என்று பிரித்துச் சொல்லத்தான் பதிவேடு வேண்டும்.

விந்து ஓடவில்லை, முட்டை வெளுத்தது என்றால் ஆண் மீனில் கோளாறு, அல்லது எடுத்த முறையில் கோளாறு. விந்து நன்றாக ஓடியும் முட்டை வெளுத்தது என்றால் பெண் மீனையோ, பிழிந்த நேரத்தையோ, கலந்த முறையையோ பார்க்க வேண்டும். விந்தும் நல்லது, கருவும் நல்லது, ஆனால் தொட்டியிலேயே குஞ்சு செத்தது என்றால் பொரிப்பகத் தண்ணியைப் பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாக இருந்து, துள்ளிக்கொண்டு வந்த குஞ்சு நம் குட்டையில் செத்தால், பொறுப்பு நம்முடையது. அதை ஏற்றுக்கொள்ள விவசாயி தயார். செய்யாத குற்றத்துக்குத் தண்டம் கட்டத்தான் தயார் இல்லை!

ஆண் மீன் ஏன் கெடுகிறது என்பதும் இதனால் தெரியவரும். தீனி போதாத ஆண், வயது குறைந்த ஆண், நெரிசலில் வளர்ந்த ஆண், பருவம் தாண்டிய ஆண் இவற்றின் விந்து தேறாது. பூச்சிமருந்து கலந்த வாய்க்கால் தண்ணி புகுந்த குளத்து மீனின் விந்தும் கெடும். வருடா வருடம் எழுதிப் பார்த்தால், எந்தக் குளத்து ஆண் நல்ல ஆண் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சிறு பொரிப்பகம் நடத்துகிறவர்களும் நம்மைப் போல உழைப்பாளிகள்தான். "மைக்ராஸ்கோப்புக்கு நான் எங்கேய்யா போவேன்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் என்று அறிவித்தார்கள். தொட்டிக்கு மானியம் உண்டு, கொட்டகைக்கு மானியம் உண்டு. அதோடு ஒரு மைக்ராஸ்கோப்பும், அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் கொடுத்தால் அரசாங்கம் மூழ்கிவிடுமா? மானியம் வாங்குகிறவர் சோதனை செய்தே தீர வேண்டும் என்று ஒரு வரி போட்டால் போதுமே!

குஞ்சு வாங்கப் போகும்போது கேளுங்கள்

கோரிக்கை நிறைவேறும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நாளைக்கே கேட்கலாம்:

1. இந்த ஈட்டுக்கு எத்தனை ஆண் அறுத்தீர்கள்? எங்கே வளர்ந்த ஆண்?

2. விந்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா? நூற்றுக்கு எத்தனை ஓடியது?

3. பெண்ணைப் பிழிவதற்கு முன்னால் பார்த்தீர்களா, பின்னால் பார்த்தீர்களா?

4. நூறு முட்டையில் எத்தனை கருவானது? எத்தனை குஞ்சு பொரித்தது?

5. இது நாட்டுக் கெளுத்திதான் என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுச் சீட்டில் எழுதித் தருவீர்களா?

ஒரு ஆள் கேட்டால், "போய்யா, வேலை கெடக்குது" என்பார்கள். ஊரில் பத்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போய், ஒரே கொள்முதலாகக் கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அதனால் தனித்தனியாகப் போகாதீர்கள். கிளைச் சங்கத்தில் பேர் கொடுத்துச் சேர்ந்து வாங்குங்கள். பதில் சொல்லாத இடத்தில் வாங்காதீர்கள். ஒழுங்காகப் பதில் சொல்கிற பொரிப்பகத்தைப் பற்றிப் பத்து ஊருக்குச் சொல்லுங்கள். நல்லவனுக்கு வியாபாரம் பெருகினால்தான் மற்றவன் திருந்துவான்.

அரசே, மீன்வளத் துறையே!

நம் கோரிக்கைகள்:

1. நெல் விதைக்கு இருப்பது போல மீன் குஞ்சுக்கும் சட்டபூர்வமான தரச் சீட்டு கொண்டுவா!

2. கெளுத்திப் பொரிப்பகம் ஒவ்வொன்றிலும், அறுக்கிற ஒவ்வொரு ஆணின் விந்தையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்கு! நூற்றுக்கு 70-க்குக் குறைவாக ஓடுகிற விந்தை விற்பனைக் குஞ்சுக்குப் பயன்படுத்தாதே!

3. மானியம் வாங்கும் பொரிப்பகத்துக்கு மைக்ராஸ்கோப்பையும் பயிற்சியையும் மானியத்தோடு சேர்த்துக் கொடு!

4. அரசு மீன்பண்ணைகளில் கட்லா, ரோகு, மிர்காலோடு நிறுத்தாமல், சோதித்த நாட்டுக் கெளுத்திக் குஞ்சும் உற்பத்தி செய்து சிறு விவசாயிக்கு நியாய விலையில் கொடு!

5. படித்து வேலை இல்லாமல் இருக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மீன்வளக் கல்லூரிகள் மூலம் விந்துச் சோதனைப் பயிற்சி கொடுத்து, பருவ காலத்தில் பொரிப்பகங்களுக்கு அனுப்பு!

6. நாட்டுக் கெளுத்தி என்று சொல்லித் தடை செய்த மீனை விற்றவர்மீது நடவடிக்கை எடு! ஏமாந்து வாங்கிய விவசாயிக்கு இழப்பீடு கொடு!

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை எழுதி வைத்தால் மட்டும் எதுவும் நடக்காது என்பது நமக்குத் தெரியாததா? கலெக்டர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஒவ்வொரு கிளையும் இந்த ஆறு கோரிக்கையையும் மனுவாகக் கொடுக்க வேண்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நின்று இதைத் தீர்மானமாகப் போடச் சொல்ல வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மீன்வளத் துறைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். நம் மாவட்டத்தில் மானியம் வாங்கிய கெளுத்திப் பொரிப்பகங்கள் எத்தனை? அவற்றில் எத்தனை இடத்தில் மைக்ராஸ்கோப் இருக்கிறது? அதிகாரிகள் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார்கள்? என்ன பதிவேட்டைப் பார்த்தார்கள்? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "அப்படி ஒரு விவரம் எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால், அதுவே நமக்குப் பெரிய ஆதாரம். அந்தக் காகிதத்தைத் தட்டியில் ஒட்டி மீன்வளத் துறை அலுவலக வாசலில் உட்காருவோம்!

மாட்டுக்குக் கிடைத்த நியாயம் மீனுக்கு ஏன் இல்லை? நெல் விதைக்குக் கொடுக்கிற சீட்டை மீன் குஞ்சுக்குக் கொடுக்க என்ன தடை? கேட்காததுதான் தடை. கேட்போம். சேர்ந்து கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்.

முதலில் ஆண் மீனைப் பார்! பிறகு பெண் மீனைப் பிழி!

சோதித்த விந்து! எழுதிய கணக்கு! கையெழுத்துப் போட்ட சீட்டு!

நாட்டுக் கெளுத்தியைக் காப்போம்! சிறு விவசாயியைக் காப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!